துரை படத்தில் விட்டுப்போன காளவாசல்

பெல்க்நாப் துரை எங்கள் ஊருக்கு வந்து இறங்கிய வருஷத்தில் கவுத்துச்சட்டிக் கரடு இப்போது இருப்பதில் பாதி உயரம்கூடக் கிடையாது. பேருக்கேற்றபடி ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி மொட்டையாகக் கிடந்த கல்மேடு, அவ்வளவுதான். இன்றைக்கு அதன் உச்சியில் மேகம் வந்து தங்குகிறது, வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளக்கிறார்கள், எங்கள் ஒத்தக்கரட்டூர் ஆம்பிளைகளும் ஏதோ தாங்களே பால் ஊற்றி வளர்த்த மாதிரி மீசையைத் தடவிக்கொள்கிறார்கள். வளர்த்தது இவர்கள் இல்லை. ஆளிவிதை எண்ணெயில் சாயத்தைக் குழைத்து, ஒட்டகமயிர்த் தூரிகையால் மேலே மேலே இழுத்து வளர்த்தவர் அந்த அமெரிக்கத் துரை.

அவர் பிறந்தது ஹட்சன் ஆற்றங்கரையில், பீப்பாய் செய்கிற ஒருவருக்கு மகனாக. பீப்பாய்க்கு வளையம் அடிக்கச் சொன்னால் பீப்பாயில் மரம் வரைந்து வைத்து அப்பனிடம் அடிவாங்கி, அப்புறம் சத்திரங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதி, கண்ணால் கண்டிராத சிங்கத்துக்கு நாய் மூஞ்சி வைத்து, கோச்சு வண்டிக் கதவில் ரோஜாப்பூ போட்டு, அப்படி இப்படி என்று கடைசியில் மலைகளில் போய் விழுந்தார். அந்த நாளில் அந்தத் தேசத்துச் சீமான்களுக்கு மலைப்பைத்தியம் பிடித்திருந்தது. சுவரையே அடைக்கிற படத்தை இருட்டு மண்டபத்தில் தொங்கவிட்டு, அதற்கு மட்டும் விளக்குப் போட்டு, முன்னால் நிஜச் செடித்தொட்டிகளை அடுக்கி வைப்பார்கள். சனங்கள் டிக்கெட்டு வாங்கிக்கொண்டு வந்து, நாடகம் பார்க்கிற தூரக்கண்ணாடியால் படத்தை இலை இலையாக மேய்ந்து பெருமூச்சு விடுவார்கள். துரைக்கு ஒரு வழக்கம் இருந்தது. இருக்கிற மலையை இருக்கிறபடி போடமாட்டார். உச்சியைக் கொஞ்சம் ஏற்றுவார், அருவி இல்லையென்றால் ஒன்றை இறக்கிவிடுவார், இடது ஓரத்தில் இடிவிழுந்த மரம் ஒன்றை நட்டுவைப்பார், மரம் அறுக்கிற ஆலை, வேலி, கோழிக்கூண்டு என்று மனுஷ வாடை அடிக்கிற எதையும் விட்டுவிடுவார். எண்ணெய் காய்ந்ததும் நிஜ மலையும் அந்தப்படியே ஆகிவிடும். அங்கே அதை யாரும் கவனிக்கவில்லை. மலையடியில் குடியிருந்தவர்களைத்தான் அதற்கு முன்னாலேயே துப்பாக்கியைக் காட்டி விரட்டிவிட்டிருந்தார்களே, அப்புறம் யார் கவனிப்பது?

பேரும் புகழுமாக இருந்த மனுஷனுக்கு ஐம்பது வயது தாண்டியதும் சனி பிடித்தது. சீமான்களுக்கு ருசி மாறிவிட்டது. சின்னச் சின்னப் படமாக, பனிமூட்டமாக, மாடு எது மரம் எது என்று தெரியாமல் தீட்டுகிற பிரான்சு தேசத்துப் பாணிதான் உசத்தி என்று ஆகிவிட்டது. பத்திரிகைக்காரன் ஒருத்தன் “பெல்க்நாப் இன்னும் பீப்பாய்க்குத்தான் வார்னிஷ் அடிக்கிறார்” என்று எழுதிவிட்டான். துரை மனசொடிந்துபோனார். எங்கள் ஊர் மிஷன் பங்களாவில் இருந்த மச்சினர் வரச்சொல்லிக் கூப்பிடவும், சாயப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறிவிட்டார். அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. யாரும் பார்த்திராத, மனுஷக் கால் படாத பூமி ஒன்றைப் பெரிய படமாகப் போட்டு, அதை நியூயார்க்கில் காட்டி, சிரித்தவன் வாயையெல்லாம் அடைக்கவேண்டும். கால் படாத பூமி தேடி அவர் வந்து சேர்ந்தது சந்தைக்கு நடுவில்; அது அவர் தலையெழுத்து.

வந்த வாரமே கை பழக ஒரு சின்னப் படம் போட்டார். எண்ணெய் காய்ந்த மறுநாள் காலையில் கரடு நிமிர்ந்து நின்றது. ஊர் என்ன செய்தது என்கிறீர்கள்? ஒன்றும் செய்யவில்லை. “அடமழை பேஞ்சுச்சுல்ல, ஊறி எந்திரிச்சிருக்கும்” என்று சொல்லிவிட்டுச் சாணி பொறுக்கப் போய்விட்டது. மேய்ச்சலுக்குப் போன ஆடுகள் இறங்கிவர நேரமாகிறது என்று இரண்டு பேர் முனகியதோடு சரி.

அடுத்த படத்தில் உச்சியில் ஒரு கோட்டை வைத்தார், அதுவும் இடிந்த கோட்டை. துரைக்கு இடிபாடு என்றால் உயிர். மறுநாள் இடிந்த கோட்டை உச்சியில் உட்கார்ந்திருந்தது. சாயங்காலத்துக்குள் ஊர்க் கவிராயர் அதற்கு ஒரு புராணமே பாடி முடித்துவிட்டார், அதில் மூன்று முற்றுகையும் ஒரு உடன்கட்டையும் வந்தன. மேலத்தெருக்காரர்கள் அதைத் தங்கள் பாட்டன் கட்டினான் என்றார்கள், கீழத்தெருக்காரர்கள் தங்கள் பாட்டன்தான் அதை இடித்தான் என்றார்கள், இரண்டு தெருவுக்கும் பெண் கொடுத்து வாங்குவது நின்றுபோயிற்று. பிறகு ஓர் அருவி விட்டார். ஊரே வாய்க்கால் வெட்ட மண்வெட்டியோடு ஓடியது. ஆனால் அருவியின் அடியில் துரை அழகுக்காகக் கொஞ்சம் பனிப்புகையைத் தடவி முடித்துவிட்டிருந்தார். விழுகிற தண்ணீர் எங்கே போகவேண்டும் என்று வரையவில்லை. அதனால் அது விழும், விழும், விழுந்துகொண்டே இருக்கும், ஒரு சொட்டு வயலுக்கு வராது. சர்க்கார் திட்டம் மாதிரி என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொல்வார்கள், நான் சொல்லவில்லை.

சேர்த்ததைவிட விட்டதுதான் வினை. ஒரு படத்தில் போலீஸ் சாவடியை விட்டுவிட்டார், எண்ணெய் காய்ந்ததும் சாவடி இருந்த இடத்தில் எருக்கஞ்செடி நின்றது. ஊர் சர்க்கரைப் பொங்கல் வைத்தது. இன்னொரு படத்தில் ஒரு மாட்டுக்கொட்டகையை விட்டார், கொட்டகை போய் மாடுகள் மட்டும் வெட்டவெளியில் நின்று அசைபோட்டன. துரை கை உயிருள்ளதைத் தொடாது, கட்டினதைத்தான் துடைக்கும் என்று அப்போது தெரிந்தது. எண்ணெய் ஈரமாக இருக்கிறவரை சுரண்டி மாற்றலாம், காய்ந்தால் போனது போனதுதான் என்பதும் தெரிந்தது. அவ்வளவுதான், மிஷன் பங்களா வாசலில் சேவலும் வாழைத்தாருமாகச் சனம் கூடிவிட்டது. “தொர, எங்க வீட்டை மறந்துறாதீக”, “தொர, பங்காளி வீட்டைக் கொஞ்சம் மறந்துருங்க”. தன் வீடு விட்டுப்போனவன் ஈரச்சாக்கை வைத்துப் படம் காயாமல் பார்த்துக்கொள்வதும், பங்காளி வீடு விட்டுப்போனவன் சன்னலைத் திறந்துவிட்டுக் காயவைப்பதும் ஊர் வேலையாகப் போயிற்று.

கரட்டின் அடிவாரத்தில் ஒச்சம்மாவின் காளவாசல் இருந்தது. சுண்ணாம்புக்கல்லை அடுக்கி, விறகைப் போட்டு மூட்டி, பகலெல்லாம் புகைவிட்டுக்கொண்டே இருக்கிற சூளை. புருஷன் செத்தபிறகு ஒண்டிக்கட்டையாக அதை நடத்திவந்தாள். சூளைக்கு ஒட்டினாற்போல் ஒரு குடிசை, அதுதான் அவளுக்கு வீடு வாசல் எல்லாம். ஊரில் எந்தச் சுவருக்கும் வெள்ளை அவள் கொடுத்ததுதான், எவன் வெற்றிலை போட்டாலும் அதில் தடவுகிற சுண்ணாம்பு அவள் தண்ணீர் தெளித்து நீற்றியதுதான். ஆனாலும் பேசும்போது “அந்தப் பொகைக்காரி” என்றுதான் பேசுவார்கள்.

துரை தன் பெரிய படத்தை ஆரம்பித்தார். ஜமீன் கொண்டமசாமி தன் பங்களா மாடியிலேயே அதற்கு இடம் கொடுத்தார். கொடுக்காமல்? அமெரிக்கச் சீமான்கள் எல்லாம் தூரக்கண்ணாடியில் தன் பங்களாவைப் பார்க்கப்போகிறார்கள் என்று அவருக்கு ஒரே பூரிப்பு. “படத்துக்கு நடுவுல எது வருது தொர?” என்று கேட்டார். “நீர் நிற்கிற இந்த ஸ்தலமே நடுவில் வரும்” என்றார் துரை. அவர் தமிழ் கற்றுக்கொண்டது மிஷன் உபதேசியார் ஞானசிகாமணியிடம், அதனால் கத்தரிக்காய் விலை கேட்டாலும் பிரசங்கம் மாதிரிதான் இருக்கும். ஜமீனுக்கு அந்தப் பதில் போதும். பந்தலைப் பிரித்து, காரையைப் பூசி, பங்களாவைக் கல்யாணப்பெண் மாதிரி சோடித்து வைத்தார். துரையோ மேலே வானத்தையும் கரட்டையும் முடித்துவிட்டு, கீழ்ப்பாதியைத் துணிபோட்டு மூடிக்கொண்டு, துணிக்குள் தலையை விட்டுத் தீட்டினார். முடிகிறவரை யாரும் பார்க்கக்கூடாது, அது அவர் தொழில் வழக்கமாம்.

மூடின துணிக்கு வெளியிலேயே ஒன்று பளிச்சென்று தெரிந்தது. கரட்டு மேல் நிஜத்தில் எப்போதும் சாய்ந்துகிடக்கிற புகை, படத்தில் இல்லை. புகை இல்லையென்றால் காளவாசல் இல்லை. சேதி ஒச்சம்மா காதுக்கு வந்ததும் கையில் அப்பின சுண்ணாம்பைக்கூடத் துடைக்காமல் ஜமீன் மாடிக்கு ஏறிவிட்டாள்.

“தொர, என் காளவாசலை வரஞ்சிருக்கீகளா இல்லையா, அதைச் சொல்லுங்க மொதல்ல.”

“ஸ்திரீயே, ஏன் கலங்குகிறாய்? உன் சூளையின் புகை என் வெளிச்சத்தை மறைக்கிறது.”

“ஒங்க வெளிச்சத்தை நான் எதுக்கு மறைக்கிறேன்? கல்லு வேகணும்னா பொகையத்தான் செய்யும். சோறாக்குறப்ப ஒங்க வீட்டுல பொகையாதா?”

“இது மனுஷன் காணாத வனாந்தரம். இதிலே சூளை எப்படி இருக்கக்கூடும்?”

“நான் மனுசி இல்லையா? எனக்கு அதைத் தவிர வேற போக்கிடம் இல்ல சாமி. ஓரமா, ஒரு கட்டவெரல் அளவுக்குப் போட்டுவிடுங்க. கும்பிட்டுக் கேக்குறேன்.”

துரை கல்நெஞ்சக்காரர் இல்லை, கண் கலங்கிவிட்டார். ஆனால் படம் என்று வந்துவிட்டால் அவர் கண்ணீருக்கும் கைக்கும் சம்பந்தம் கிடையாது. முடியாது என்று தலையை ஆட்டினார். ஒச்சம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று போய் அந்தத் துணியை அடியிலிருந்து ஒரே தூக்காகத் தூக்கிவிட்டாள். பார்த்தவள் அப்படியே நின்றுபோனாள். காளவாசல் இல்லை, சரி. ஜமீன் பங்களாவும் இல்லை. கோயில் இல்லை, சந்தை இல்லை, மேலத்தெரு கீழத்தெரு இல்லை, மிஷன் பங்களாவே இல்லை. ஊர் இருக்கவேண்டிய இடம் முழுக்க அடர்ந்த பச்சைக் காடு, அதில் பொன்னாக வெயில். வேறு யாரும் பார்ப்பதற்குள் துரை துணியை இழுத்து மூடிவிட்டார்.

தடதடவென்று இறங்கி ஓடிப்போய் மந்தையில் நின்று கத்தினாள். “அய்யய்யோ, ஊரே இல்லப்பா அந்தப் படத்துல! வெறுங்காடுதான் இருக்கு! காயிறதுக்குள்ள சொரண்டச் சொல்லுங்க!”

ஊர் சிரித்தது. “ஏத்தா, ஒன் காளவாசல் போகுதுன்னு வயித்தெரிச்சல், அதுக்கு இப்பிடியா புளுகுறது?” என்றான் ஒருத்தன், அவள் சுண்ணாம்பையே வெற்றிலையில் தடவிக்கொண்டு. “ஊர் நல்லதுக்காக ஒத்தை ஆளு விட்டுக்குடுக்கக் கூடாதா?” என்றார் இன்னொருவர். கோட்டைச் சண்டையில் முகம் பார்க்காமல் இருந்த மேலத்தெருவும் கீழத்தெருவும் இந்த ஒரு விஷயத்தில் கைகோத்துக்கொண்டன. கவிராயர் தியாகத்தைப் பற்றி நாலு வரி பாடினார், தியாகம் செய்யப்போவது அவர் இல்லை என்பதால் பாட்டு நன்றாகவே வந்தது. ஜமீனுக்கோ இந்தப் பொகைக்காரி ஈரச்சாக்கோடு வந்து காரியத்தைக் கெடுத்துவிடுவாளோ என்று பயம். பங்களாவில் தொங்கிய பங்கா என்கிற துணிவிசிறிகளையெல்லாம், மூடின துணியோடேயே படத்துக்குமேல் கட்டி இழுக்கச் சொன்னார், ஊர் இளந்தாரிகள் முறைபோட்டு வந்து பனைவிசிறியால் விசிறினார்கள், பெண்டுகள் முந்தானையால் விசிறினார்கள். ஊரே கூடி, வேர்க்க விறுவிறுக்க, சிரித்துப் பேசிக்கொண்டு, தன்னைத் தானே விசிறிக் காயவைத்தது. ஒச்சம்மா மட்டும் சூளை வாசலில் உட்கார்ந்து, ஒப்பாரி வைக்கிறவள் மாதிரி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

காலையில் ஜமீன் கொண்டமசாமி கண் விழித்தது ஒரு கறையான் புற்றின்மேல். ஊஞ்சல்கட்டில் இல்லை, கூரை இல்லை, பங்களா இல்லை. தலைக்குமேல் பெயர் தெரியாத மரங்கள். சுற்றிலும் சனங்கள் புதருக்குள்ளிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள். உடுத்தின துணி இருந்தது, அது துரை செய்த புண்ணியம். கோழிகள் கிளையில் ஏறிக்கொண்டு ஆச்சரியமாகக் கூவின. துரையோ காட்டுக்கு நடுவில் மண்டியிட்டு, “இதுவே நான் தேடின கன்னி நிலம்!” என்று விம்மி விம்மி அழுதார். பங்களா போனாலும் படம் புல்மேல் பத்திரமாகக் கிடந்தது. ஊருக்கு நிதானம் வந்து எறியக் கல்லைத் தேடுவதற்குள் அதைச் சுருட்டிக்கொண்டு, பெட்டி தூக்க உபதேசியார் ஞானசிகாமணியையும் கூட்டிக்கொண்டு, துறைமுகத்துக்கு நடையைக் கட்டிவிட்டார்.

சரி, போனது போச்சு, குடிசையாவது போடுவோம் என்று சனம் மரத்தில் கைவைத்ததுதான் தாமதம், ரேஞ்சர் வந்து நின்றார். அவ்வளவு பெரிய காடு ஒரே நாளில் முளைத்ததை யாரும் கேட்கவில்லை. காடு என்று ஒன்று இருந்தால் அது சர்க்காருடையது, அவ்வளவுதான். தான் தங்க மட்டும் ஓலைக்குடிசை ஒன்று போட்டுக்கொண்டார்.

“ரிசர்வ் காட்டுக்குள்ள யாரைக் கேட்டு நொழஞ்சீங்க?”

“நாங்க நொழையல சாமி, காடுதான் எங்க ஊருக்குள்ள நொழஞ்சிருச்சு.”

“ஊரா? எங்க இருக்கு ஊரு? காட்டுங்க பாப்போம்.”

காட்ட ஒரு செங்கல்கூட இல்லை. மரத்தைத் தொடாதே, கல்லைத் தோண்டாதே, அடுப்பு மூட்டாதே என்று சொல்லிவிட்டார். எங்கள் ஆட்கள் எதற்கும் பழகிக்கொள்ளக் கூடியவர்கள். கொஞ்ச நாளில் இன்ன மரத்தடி மேலத்தெரு, இன்ன மரத்தடி கீழத்தெரு என்று பிரித்துக்கொண்டார்கள். கவிராயர் காட்டைப் பற்றி அந்தாதி ஆரம்பித்துவிட்டார். ஜமீன் தன் புற்றைச் சுற்றி யாரும் செருப்பில்லாமல்தான் நடக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார்.

பழகாதவள் ஒச்சம்மாதான். அவள் நேராகத் தன் பழைய இடத்துக்குப் போனாள், மண்ணைக் குழைத்தாள், வட்டமாகச் சுவர் எழுப்பினாள், கல்லைப் பெயர்த்து அடுக்கினாள், உதிர்ந்த சுள்ளியைப் போட்டு மூட்டிவிட்டாள். ரேஞ்சர் வந்து தண்ணீர் ஊற்றி அணைத்தார். அவர் முதுகு மறைந்ததும் மறுபடி மூட்டினாள். “ஏம்மா இம்புட்டு வம்பு?” என்று கேட்டதற்கு, “இது என் எடம், வேற எங்க போயிப் பொழைக்கச் சொல்றீக?” என்றாள்.

அங்கே நியூயார்க்கில் துரையின் படம் மண்டபத்தில் தொங்கியது. டிக்கெட்டு வாங்கிய சீமான்கள் தூரக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், கன்னிக் காட்டுக்கு நடுவில் ஒரு புகை. இத்தனை நாள் கரடு படத்தைப் பார்த்து நடந்துகொண்டது. இப்போது படம் கரட்டைப் பார்த்து நடந்தது. கொடுக்கல் வாங்கல் என்றால் இரண்டு பக்கமும் இருக்கத்தானே செய்யும்? துரை பதறிப்போய்ப் புகையைச் சுரண்டி வானத்தைப் பூசினார். பூசியது காய்ந்ததும் இங்கே சூளை இருந்த இடம் வெறும் தரையாகிவிடும். ஒச்சம்மா துரையை நாலு திட்டு திட்டிவிட்டு மறுபடி மண்ணைக் குழைப்பாள். அவள் மூட்டியதும் அங்கே படத்தில் புகை கிளம்பிவிடும். இப்படி அவர் பூச இவள் மூட்ட, அவர் பூச இவள் மூட்ட, கப்பல் போய் வருகிற தூரத்தை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மல்லுக்கு நின்றார்கள். பழைய பத்திரிகைக்காரன் வந்து, “பெல்க்நாப்பின் சொர்க்கத்தில் யாரோ சமைக்கிறார்கள்” என்று எழுதினான். துரைக்கு வயதாகிவிட்டது, கை நடுங்கத் தொடங்கிவிட்டது. ஒச்சம்மாவுக்கு நடுங்கவில்லை.

கடைசியில் துரைதான் தோற்றார், தோற்றதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம். புகையைத் துடைக்கிறதை விட்டுவிட்டு, அதன் அடியில் செக்கச்செவேலென்று நெருப்பைத் தீட்டி, “எரிமலை” என்று பெயர் எழுதிவிட்டார். நியூயார்க்கே திரண்டுவிட்டது. பெண்கள் மூர்ச்சை போட்டார்கள், வித்துவான்கள் அந்த நெருப்பில் கடவுளின் கோபத்தைக் கண்டார்கள். பத்திரிகைக்காரன் தொப்பியைக் கழற்றினான். பெரிய ரயில் முதலாளி ஒருவர் படத்தை வாங்கித் தன் மாளிகையில் மாட்டிக்கொண்டு, எரிமலையின்மேல் யாரும் கைவைக்கக்கூடாது என்று வக்கீலைக் கூப்பிட்டு எழுதியும் வாங்கிவிட்டார்.

இங்கே எண்ணெய் காய்ந்த அன்றைக்கு ஒச்சம்மாவின் காளவாசலுக்கு அடியில் தரை பிளந்து நெருப்பு வந்தது. விறகில்லாமல் எரிந்தது. தண்ணீர் ஊற்றினால் இன்னும் ஜோராக எரிந்தது. ரேஞ்சர் குடத்தைக் கீழே வைத்துவிட்டார். ஒச்சம்மா ஒரு நிமிஷம் பார்த்தாள், கல்லைத் தூக்கி உள்ளே போட்டாள், வெந்தது. “இம்புட்டு நாளு கழிச்சு இப்பத்தான் ஒழுங்கா வரஞ்சிருக்கான்” என்று சொல்லி அடுத்த கல்லைத் தூக்கினாள்.

உபதேசியார் ஞானசிகாமணி கப்பலிலிருந்து திரும்பி வந்தபோது ஊரே மரத்தடியில் கூடிவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இதையும் சொன்னார். “தொரைக்குப் பழைய மவுசு வந்துருச்சு. இதே கரட்டை இன்னும் படம் படமாப் போடப்போறாராம். காட்டையெல்லாம் தண்ணி நிக்கிற ஏரியா மாத்தலாமான்னு யோசிக்கிறாரு. எதை வேணும்னாலும் மாத்துவாரு, எரிமலையைத் தவிர. அதை மட்டும் தொட முடியாது. வாங்குனவரு விடமாட்டாரு.”

அவர் சொல்லி முடித்ததும் ஒவ்வொருவராகத் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். எங்கேயோ போகிறவர்கள் மாதிரி, அவசரமில்லாதவர்கள் மாதிரி, ஆனால் எல்லோருமே ஒரே திசையில் நடந்தார்கள்.

ஜமீன் கொண்டமசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு காளவாசல் பக்கம் வந்து சேர்ந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, இருமல் முட்டியது, அடக்கிக்கொண்டார்.

“ஆத்தா, ஒச்சம்மா… ஒன் காளவாசலை ஒட்டி ஒரு சின்ன எடம் குடுத்தேன்னா, ஒரு ஓலைக்குச்சு கட்டிக்கிட்டு ஓரமாக் கெடந்துக்குவேன்.”

“பொகை ஒங்களுக்கு ஆகாதே சாமி?”

“யாரு சொன்னது?” ஜமீன் நெஞ்சு நிறைய இழுத்தார். “நல்ல வாசமால்ல இருக்கு!”

ஒச்சம்மா சுண்ணாம்புக் கையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப வரிசையில நில்லுங்க.”

ஜமீன் போய் நின்றார். அவருக்கு முன்னால் ரேஞ்சர் நின்றுகொண்டிருந்தார்.